வெளிநாட்டு வேலைக்கு வந்தாயிற்று, ஊர் வங்கிக் கணக்கை மாற்ற வேண்டுமா?

துபாய், ஷார்ஜா, அபுதாபி என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், எமிரேட்ஸ் ஐடி வந்து முதல் சம்பளம் ஏறியதும் எல்லோரும் செய்கிற காரியம் ஊருக்குப் பணம் அனுப்புவது. எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் கணக்கு எண் கேட்டால், ஊரில் இருந்தபோது வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கின் எண்ணையே கொடுத்துவிடுகிறோம். பணம் போய்ச் சேர்ந்தும் விடுகிறது. அதனால் அந்தக் கணக்கை அப்படியே விட்டுவைக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

1999-ஆம் ஆண்டின் ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்டப்படி, வேலைக்காக இந்தியாவை விட்டுக் கிளம்பியவர் வெளிநாடு வாழ் இந்தியர். அவர் பெயரில் சாதாரண சேமிப்புக் கணக்கு தொடரக் கூடாது. வங்கிக்குத் தகவல் சொல்லி அதை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடு வாழ் இந்தியர் ஊரில் வருகிற பணத்துக்கு வைத்துக்கொள்ளும் கணக்காக, மாற்றிக்கொள்ள வேண்டும். "182 நாள் ஆகட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ரூமில் யாராவது சொல்வார்கள். 182 நாள் என்பது வருமான வரிக்குப் பார்க்கிற கணக்கு. ஃபெமாவில் வேலைக்குக் கிளம்பிய நாளே முக்கியம். விதியை மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விசிட் விசாவில் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே ஓட வேண்டாம். வேலை விசா கைக்கு வந்ததும் எழுதிக் கொடுங்கள். வங்கியும் அந்த விசா நகலைத்தான் கேட்கும்.

ஆக, என்.ஆர்.ஓ.வுக்கு மாறுவதில் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியது, கூடவே, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கிற என்.ஆர்.இ. கணக்கு ஒன்றும் தொடங்குவதா என்பதைத்தான்.

இரண்டும் ரூபாய்க் கணக்குகள்தான். ஊரில் வருகிற வாடகை, பென்ஷன், நிலம் விற்ற பணம், பழைய கம்பெனியின் பி.எஃப். ஆகியவை என்.ஆர்.ஓ.வுக்குப் போக வேண்டும். நீங்கள் இங்கே சம்பாதித்து அனுப்புவது என்.ஆர்.இ.க்குப் போகலாம். வித்தியாசம் வட்டியில் தெரியும். ஐந்து லட்சம் ரூபாயை ஏழு சதவீத வட்டிக்கு ஃபிக்சட் டெபாசிட் போட்டால் ஆண்டுக்கு 35,000 ரூபாய் கிடைக்கும். என்.ஆர்.இ.யில் அதற்கு இந்தியாவில் வரி கிடையாது, முழுசாக உங்களுக்கே. அதே டெபாசிட் என்.ஆர்.ஓ.வில் இருந்தால் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரியுமாக 31.2 சதவீதத்தை வங்கி முதலிலேயே பிடித்துவிடும். 10,920 ரூபாய் போய்விடும். இந்தியாவில் உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். அமீரகத்தின் வரிக் குடியிருப்புச் சான்றிதழைக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி 12.5 சதவீதம்தான் பிடிப்பார்கள். ஆனால் அதற்கெல்லாம் அலைய வேண்டும்.

அடுத்த வித்தியாசம், பணத்தைத் திரும்ப வெளியே எடுப்பது. என்.ஆர்.இ.யில் இருப்பதை அசலும் வட்டியுமாக எப்போது வேண்டுமானாலும் இங்கே கொண்டுவரலாம். என்.ஆர்.ஓ.வில் உள்ளதை எடுக்க, வரி கட்டியதற்கான படிவமும் ஆடிட்டர் சான்றிதழும் கேட்பார்கள். நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு. இதனால்தான் என்.ஆர்.இ. பணத்தை அவசரப்பட்டு என்.ஆர்.ஓ.வுக்கு மாற்றாதீர்கள் என்று சொல்கிறேன். உள்ளே போவது ஒரு நிமிட வேலை. திரும்ப என்.ஆர்.இ.க்குக் கொண்டுவர இந்தச் சடங்கு அத்தனையும் நடக்க வேண்டும்.

அப்படியானால் எல்லோருக்கும் என்.ஆர்.இ. வேண்டுமா? வேண்டாம். நீங்கள் அனுப்புவது மாதா மாதம் வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகள் ஃபீஸுக்குமே சரியாகப் போகிறதென்றால், மனைவி கணக்குக்கோ அம்மா கணக்குக்கோ நேராக அனுப்புங்கள். அது குடும்பத்துக்குக் கொடுக்கிற பணம், அதற்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. மாதம் கொஞ்சமாவது மிஞ்சுகிறது, டெபாசிட் போடும் எண்ணம் இருக்கிறது என்றால் என்.ஆர்.இ. தொடங்குங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மிச்சப்பட்ட பணம் உங்கள் பெயரில் இருக்கட்டும். வருடக்கணக்கில் எல்லாவற்றையும் அண்ணன் கணக்குக்கோ மாமனார் கணக்குக்கோ அனுப்பி, அவர்கள் பெயரில் டெபாசிட் போட்டுவிட்டு, ஊர் திரும்பியபோது கேட்டு வாங்க முடியாமல் மனம் உடைந்தவர்கள் வளைகுடாவில் எத்தனையோ பேர். பணத்தை வாங்கி வைத்தவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கல்யாணம், ஒரு ஆபரேஷன் வந்தாலே போதும், பணம் கரைந்துவிடும். சட்டப்படி அது அவர்கள் பணம். வட்டிக்கு வரியும் அவர்கள் தலையில்தான் விழும். என்.ஆர்.இ.யை உங்கள் பெயரில் தொடங்கி, ஊரில் இருக்கும் மனைவியையோ அம்மாவையோ 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' (முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை கணக்கு அவர் கையில், அவருக்குப் பின் மற்றவருக்கு) முறையில் சேர்க்கலாம். உள்ளூர்ச் செலவுக்கு எடுக்க அவர்களுக்கு அதிகாரமும் எழுதித் தரலாம். நாமினி பெயரை மறக்காமல் போடுங்கள்.

மாற்றுவதற்கு முன் பழைய கணக்கின் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு, தானாகப் பிடிக்கிறவை எவை என்று பாருங்கள். வீட்டுக் கடன் தவணை, எல்.ஐ.சி. பிரீமியம், மியூச்சுவல் ஃபண்டுக்கு மாதா மாதம் போகிற எஸ்.ஐ.பி. என்று இருக்கும். சில வங்கிகள் மாற்றும்போது கணக்கு எண்ணையே புதிதாகக் கொடுக்கும். அப்போது பழைய எண்ணில் இருந்த ஆட்டோ டெபிட் நின்றுவிடும். தவணை தவறினால் கடன் வாங்கும்போது வங்கி பார்க்கிற சிபில் ஸ்கோர் அடிபடும். அதனால் எண் மாறுமா என்று கிளையில் முதலிலேயே கேளுங்கள். மியூச்சுவல் ஃபண்டிலும், பங்குகள் இருக்கிற டீமேட் கணக்கிலும் கூட உங்கள் நிலையை வெளிநாடு வாழ் இந்தியர் என்று மாற்றச் சொல்ல வேண்டும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) ஏற்கெனவே இருந்தால் 15 ஆண்டு முடியும்வரை தொடரலாம். நீட்டிக்கவோ புதிதாகத் தொடங்கவோ முடியாது.

ஆவணங்கள் அதிகம் இல்லை. பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, பான் கார்டு, இங்குள்ள முகவரிக்கு ஆதாரம், ஃபோட்டோ. இங்கிருந்து அனுப்பினால் நகல்களில் தூதரகமோ வங்கி அதிகாரியோ சான்றொப்பம் இட வேண்டியிருக்கும். லீவில் போகும்போது கிளைக்கு நேரில் போய் அசலைக் காட்டினால் அந்த அலைச்சல் மிச்சம். ஆனால் முதல் லீவு இரண்டு வருடம் கழித்துத்தான் என்றால் அதுவரை காத்திருக்காதீர்கள். மினிமம் பேலன்ஸையும் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் வங்கிகள் சிலவற்றில் என்.ஆர்.இ.க்கு அது அதிகம். சம்பளம் குறைவாக இருப்பவர்களுக்கு ஊரில் உள்ள அரசு வங்கிக் கிளைதான் என் யோசனை.

ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். பிறகு அமீரக எண்ணையே வங்கியில் பதிந்துகொண்டால், பல வங்கிகளில் அந்த எண்ணிலேயே யு.பி.ஐ. வேலை செய்யும்.

என்.ஆர்.இ. டெபாசிட்டுக்குக் குறைந்தது ஓராண்டு. அதற்கு முன் உடைத்தால் வட்டியே கிடையாது. அவசரத்துக்கு வேண்டிய பணத்தைச் சேமிப்பிலேயே விட்டுவிட்டு மீதியை மட்டும் போடுங்கள். வேலையை முடித்து நிரந்தரமாக ஊர் திரும்பும்போது இதே வங்கிக்குப் போய், இரண்டையும் மறுபடி சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும்.