பிக்கப் வண்டிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிக்கப் வாங்கப் போகிறவர் மூன்று கேள்விகளோடுதான் ஷோரூமுக்குள் போகிறார். மைலேஜ் எவ்வளவு தரும்? அலுங்காமல் ஓடுமா? அடிக்கடி ஒர்க் ஷாப்பில் நிற்குமா? மூன்றுமே சரியான கேள்விகள். ஆனால் பதிலைக் காலி வண்டியை இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள். பிக்கப் என்பது லோடு ஏற்றுவதற்காகச் செய்த வண்டி. அதன் ஸ்பிரிங், கியர், பிரேக் எல்லாமே பாரத்தைக் கணக்கில் வைத்து அமைத்தவை. லோடோடு, நீங்கள் தினமும் போகப்போகிற ரோட்டில் ஓட்டிப் பார்க்காதவரை அந்த மூன்று கேள்விக்கும் உண்மையான பதில் கிடைக்காது.

ஒரே தட்டில் வைக்கக்கூடாத வண்டிகள்

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின். சந்துக்குள் நுழையும், மூன்று சக்கர ஆட்டோவைவிடக் கூடுதலாக ஏற்றும். ஜனங்கள் குட்டியானை என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வந்தது. மூன்று சிலிண்டர், 1478 சிசி, ஒன்றேகால் டன் லோடு. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் இருப்பது நான்கு சிலிண்டர், 2523 சிசி. 2016-ல் மாருதி சூப்பர் கேரியும், 2019-ல் டாடா இன்ட்ராவும் சேர்ந்துகொண்டன.

இவை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு “எது மைலேஜ் அதிகம்” என்று கேட்டால் சின்ன வண்டிதான் எப்போதும் ஜெயிக்கும். அதை நம்பி வாங்கிவிட்டு, அப்புறம் முக்கால் டன் வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்றுகிறவர்கள் நிறைய. முதல் மாதம் மிச்சமான டீசல் காசு, பிறகு கிளட்ச், டயர், பேரிங் என்று போய்விடும்.

தண்ணீர் கேன் போடுகிறவரின் கணக்கைப் பாருங்கள். 20 லிட்டர் கேன் என்றால் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. 40 கேன் ஏற்றினால் 800 கிலோ. ஏஸ் வகை வண்டிகள் ஏற்றக்கூடியது சுமார் முக்கால் டன். பார்ப்பதற்குப் பாதி வண்டிதான் நிறைந்திருக்கும். எடையோ ஏற்கெனவே தாண்டியிருக்கும். பஞ்சு மூட்டை, தெர்மாகோல், காலி பெட்டி ஏற்றுகிறவருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அவருக்கு எடை இடிக்காது, தொட்டியின் நீளம்தான் இடிக்கும். ஆகவே உங்கள் சரக்கை ஒருநாள் எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். வண்டியைத் தேடுவது அதற்குப் பிறகு.

மைலேஜ் கணக்கு

கம்பெனி சொல்லும் மைலேஜ் ஆய்வகத்தில், உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுக்கும் கணக்கு. இரண்டு வண்டிகளை ஒரே விதியில் சோதித்திருப்பதால் ஓரளவு ஒப்பிட உதவும். உங்கள் பாக்கெட்டிலிருந்து எவ்வளவு போகும் என்பதை அது சொல்லாது.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்ப்பது எங்கே ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சின்ன வண்டி 750 கிலோ ஏற்றும், 20 கிலோமீட்டர் தரும் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வண்டி 1,300 கிலோ ஏற்றும், 13 கிலோமீட்டர்தான் தரும். 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மண்டிக்கு 1,300 கிலோ போக வேண்டும். சின்ன வண்டிக்கு இரண்டு நடை, மொத்தம் 240 கிலோமீட்டர், 12 லிட்டர். பெரிய வண்டிக்கு ஒரே நடை, 120 கிலோமீட்டர், 9 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். டிரைவரின் அரை நாளும் மிச்சம். அதே மண்டிக்கு தினமும் 600 கிலோதான் போகிறது என்றால் கணக்கு தலைகீழ். சின்ன வண்டிக்கு 6 லிட்டர் போதும், பெரிய வண்டி அதே 9 லிட்டரைக் குடிக்கும். எந்த வண்டி சிக்கனம் என்பதை உங்கள் லோடுதான் முடிவு செய்கிறது.

நண்பரிடம் கேட்டு மைலேஜ் தெரிந்துகொள்வதிலும் கவனம் வேண்டும். “பதினெட்டு கொடுக்குது” என்று அவர் சொல்வது பெரும்பாலும் ஒரு நல்ல நாளின் கணக்கு. 500 ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் இறங்கும் வரை ஓட்டிப் பார்ப்பது அளவே அல்ல. ஒரே பங்க்கில் டேங்கை நிரப்பி, நாசில் தானாக நின்றதும் நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கமான வேலையைச் செய்துவிட்டு, மறுபடி அங்கேயே அதே மாதிரி நிரப்பி, எத்தனை லிட்டர் ஏறியது என்று பார்க்க வேண்டும். நாலைந்து முறை செய்து சராசரி எடுத்தால்தான் அது நம்பும்படியான எண். வாங்குவதற்கு முன்பே இதைச் செய்ய வழி இருக்கிறது. நீங்கள் யோசிக்கும் மாடலை வாடகைக்கு ஓட்டுகிறவரிடம் உங்கள் லோடை ஒன்றிரண்டு நடை கொடுங்கள். வாடகை எப்படியும் கொடுக்கப்போவதுதான்.

சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) வண்டியை டீசலோடு ஒப்பிடும்போது ஒரு தவறு சர்வசாதாரணம். சிஎன்ஜி கிலோ கணக்கு, டீசல் லிட்டர் கணக்கு. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஒரு லிட்டர் டீசலைவிட ஆற்றல் அதிகம். அதனால் “இதில் 22, அதில் 18” என்று எண்ணோடு எண்ணை வைக்கக் கூடாது. கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றிப் பாருங்கள். அதோடு சிலிண்டரின் எடை, பங்க்கில் வரிசையில் நிற்கும் நேரம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்குச் செய்ய வேண்டிய அழுத்தச் சோதனை எல்லாவற்றையும் சேருங்கள். உங்கள் ரூட்டில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அலுங்கல்

காலி பிக்கப் தூக்கித் தூக்கிப் போடும். அது குறையில்லை. பின்பக்கம் இருக்கும் பட்டை ஸ்பிரிங் ஒரு டன்னைத் தாங்குவதற்காகச் செய்தது. மேலே எதுவும் இல்லாதபோது அது வளைய மறுக்கும், பள்ளத்தில் விழுந்தால் குதிக்கும். லோடு ஏறியதும் அதே ஸ்பிரிங் வேலை செய்ய ஆரம்பிக்கும், வண்டி அமர்ந்து ஓடும். காலியாக ஓட்டி “இது சொகுசு, அது கட்டை வண்டி” என்று முடிவெடுப்பவர், காலியாக மென்மையாக இருக்கும் வண்டி முழு லோடில் வளைவில் எப்படிச் சாய்கிறது என்பதைப் பார்த்திருக்கவே மாட்டார்.

டிரைவர் உட்கார்ந்திருக்கும் இடமும் முக்கியம். ஏஸ், தோஸ்த் போன்றவற்றில் என்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, டிரைவர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்காருகிறார். ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகெலும்புக்கு வரும், மே மாதத்தில் சூடும் வரும். பொலிரோ பிக்கப்பில் முன்னால் பானட் இருப்பதால் டிரைவர் முன் அச்சுக்குப் பின்னால் உட்காருகிறார். நாள் முழுக்க ஹைவேயில் ஓடுகிறவருக்கு அந்த வித்தியாசம் சாயங்காலம் இடுப்பில் தெரியும். ஆனால் பானட் எடுத்துக்கொள்ளும் நீளம் சந்துக்குள் திரும்பும்போது இடைஞ்சல். சக்கர அளவையும் பாருங்கள். ஏஸில் 12 அங்குல ரிம், பொலிரோ பிக்கப்பில் பெரும்பாலும் 15. சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும், பெரியது ஓரளவு தாண்டிப் போய்விடும்.

சரக்குக்கு எப்படி இருக்கும் என்பதையும் கேட்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றுகிறவருக்கும் ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளி கொண்டுபோகிறவருக்கும் டிரைவரின் முதுகைப் போலவே பின்பக்கத் தொட்டியும் முக்கியம். பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி அடுக்கிய பெட்டிகள்தான் அதிகம் குலுங்கும். சோதனை ஓட்டத்தின் முடிவில் கடைசி வரிசையின் அடிப்பெட்டியை இறக்கிப் பாருங்கள். எத்தனை பழம் நசுங்கியிருக்கிறது என்பது அந்த வண்டியின் அலுங்கலைச் சொல்லிவிடும்.

இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. வண்டி எடுத்த வாரமே ஒர்க் ஷாப்பில் விட்டு, பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டிவிடுகிறார்கள். வண்டி பின்னால் இறங்காமல் நிற்கும், அதனால் பலம் கூடிவிட்டதாக ஒரு நம்பிக்கை. கூடியது ஸ்பிரிங்கின் விறைப்பு மட்டும்தான். அச்சு, சேஸ், பேரிங், பிரேக் எல்லாம் பழைய அளவுதான். முன்பு ஸ்பிரிங் வாங்கிக்கொண்ட அடி இப்போது நேராகச் சேஸுக்குப் போகிறது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருக்கும் எடையும் மாறாது. அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு சோதனையில் ஒரு மாத லாபமே போய்விடும்.

பாடி கட்டுவதிலும் இதே கதை. உயரமான இரும்புக் கூண்டோ மூடிய கண்டெய்னரோ 150 கிலோ கூடினால், ஏற்றக்கூடிய லோடில் 150 கிலோ குறைகிறது. உயரம் கூடுவதால் காற்று தள்ளுவதும் கூடும். 60-க்கு மேல் ஓட்டும்போது டீசலில் தெரியும்.

மலை ரோடு

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஊட்டி, கோத்தகிரி பக்கமும் சும்மா இல்லை. மலைக்கு வண்டி பார்க்கிறவர்கள் எல்லாரும் இழுவையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நீலகிரியின் கேரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி வருகின்றன. காலி வண்டி மேலே ஏறுகிறது, முழு லோடு கீழே வருகிறது. அப்படியானால் இந்த வேலைக்கு முதலில் ஒப்பிட வேண்டியது பிரேக்கையும், இரண்டாவது கியரில் என்ஜின் வண்டியை எவ்வளவு பிடித்து நிறுத்துகிறது என்பதையும்தான். ஏறும்போது சக்தி குறைந்தால் நேரம் போகும். இறங்கும்போது பிரேக் சூடேறி விட்டுப்போனால் என்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் மிச்சமும் இல்லை. கியரில் இறங்கும்போது இன்றைய என்ஜின்கள் டீசல் ஊற்றுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவாகும்.

ஒர்க் ஷாப்பில் நிற்குமா

“பத்து வருஷமா ஓடுது, ஒரு வேலை வைக்கல” என்று ஒருவர் சொன்னால் அவர் எந்த வருஷ வண்டியைச் சொல்கிறார் என்று கேளுங்கள். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. பெயர் அதே பெயர், முகப்பும் கிட்டத்தட்ட அதே முகப்பு. ஆனால் டீசல் என்ஜினின் புகைப் பக்கம் முழுக்க வேறு. பழைய வண்டியின் நல்ல பெயரை வைத்துப் புதியதை வாங்குவதும், பழையதின் கெட்ட பெயருக்காகப் புதியதை ஒதுக்குவதும் இரண்டுமே தவறு. கேட்க வேண்டியது, 2020-க்குப் பின் வாங்கி, உங்களைப் போன்ற வேலையில் ஓட்டுகிறவரிடம்.

பிஎஸ்6 டீசல் வண்டிகளில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி சைலன்சர் வழியில் வருகிறது. அதில் சேரும் கரியை வண்டி அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். தெருத்தெருவாக நின்று நின்று கேன் போடுகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே வராது. எரிக்க ஆரம்பித்ததும் அடுத்த வீடு வந்து, சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார்கள். கரி நிறையும், விளக்கு எரியும், இழுவை குறையும். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஒர்க் ஷாப்தான். வண்டி மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஊருக்குள்ளேயே சுற்றுகிற வேலைக்கு நான் டீசலைச் சொல்லவே மாட்டேன். பெட்ரோலோ சிஎன்ஜியோ பாருங்கள், தினசரி ஓட்டம் குறைவென்றால் பேட்டரி வண்டியையும் பாருங்கள். 2022-ல் வந்த ஏஸ் ஈவிக்கு 154 கிலோமீட்டர் என்று சொன்னார்கள்; லோடு, ஏற்றம் எல்லாம் சேர்ந்தால் குறையும் என்பதை வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

சில மாடல்களில் புகையைச் சுத்தப்படுத்தும் ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலைத் தனியாக ஊற்ற வேண்டும். தீர்ந்தால் வண்டியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமலும் போகலாம். என்ஜின் ஆயிலும் பிஎஸ்6-க்கென்று கைப்புத்தகத்தில் சொன்ன வகைதான். வழக்கமாக வாங்கும் மலிவான ஆயில் அந்த வடிகட்டியில் சாம்பலாகத் தங்கும்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள். தாலுகா தலைநகரில் கிளட்ச் பிளேட் கிடைக்கிற வண்டி, ஒரு சென்சாருக்காகக் கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வரும்வரை நிற்கிற வண்டியைவிட நல்ல வண்டிதான், விளம்பரம் எதைச் சொன்னாலும். மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி நின்றாலும்.

பழைய வண்டி என்றால்

பெயின்டைப் பார்க்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் சேஸோடு சேரும் இடங்களில் விரிசலோ புது வெல்டிங்கோ இருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறி ஏற்றியது. வெல்டிங்கை மறைக்க அங்கே மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். சமதளத்தில் நிறுத்திப் பின்னால் நின்று பார்த்தால் ஒரு பக்கம் இறங்கியிருப்பது தெரியும். பட்டைகளை எண்ணி, கம்பெனி கொடுத்த எண்ணிக்கையோடு சரிபாருங்கள். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்குள் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதியைப் பாருங்கள். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருஷா வருஷம் எடுக்க வேண்டும். ஏழரை வருஷ வண்டியைச் சல்லிசாகக் கொடுக்கிறார்கள் என்றால், அடுத்த எஃப்.சி.க்குக் காட்டும் முன் என்னென்ன வேலை பார்க்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, அந்தத் தொகையையும் சேர்த்து விலை பேசுங்கள்.