தேர்வில் பாஸ், கிரேடு கார்டில் மட்டும் முடியாத பாடம்

வேலைக்குப் போய்க்கொண்டே இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.ஏ.வை முடிக்கும்போது இடித்தது தேர்வு இல்லை, அசைன்மென்ட். மொத்த மதிப்பெண்ணில் தேர்வுக்கு 70 சதவீதம், வீட்டில் எழுதிக் கொடுக்கும் அசைன்மென்ட்டுக்கு 30. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வில் அள்ளியிருந்தாலும் அசைன்மென்ட் மதிப்பெண் காலி என்றால் அந்தப் பாடம் கணக்கில் வராது.

எனக்கு ஒரு பாடத்தில் கிரேடு கார்டின் அசைன்மென்ட் கட்டம் காலியாகவே கிடந்தது. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான்: போன வருடக் கேள்விகளுக்கு எழுதிக் கொடுத்திருப்போம், அல்லது படிப்பு மையத்தில் மதிப்பெண்ணை ஏற்றியிருக்க மாட்டார்கள். முதலாவது என்றால் நடப்புக் கேள்விகளுக்குப் புதிதாக எழுதத்தான் வேண்டும். என்னுடையது இரண்டாவது. அசைன்மென்ட் கொடுத்தபோது வாங்கிய ஒப்புகைச் சீட்டை ஸ்கேன் செய்து, இக்னோவின் புகார் தளமான ஐகிராமில் புகார் போட்டேன், மையத்துக்கும் நேரில் போய் நகல் கொடுத்தேன். மதிப்பெண் ஏறிவிட்டது. சீட்டு கையில் இல்லாவிட்டால் வாதாடவே முடியாது.

அசைன்மென்ட்டைக் கொடுக்கும்போது பாடத்துக்கு ஒரு ஃபைல் வைத்து, முதல் பக்கத்தில் பதிவு எண், பாடக் குறியீடு எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் பிரிக்கும்போது ஒன்று தொலையும்.

பாடத்தின் அளவைக் கிரெடிட்டில் சொல்வார்கள்; ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. 6 கிரெடிட் பாடத்துக்கு 180. ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்கார்ந்தால் கட்டாது.