போர்டிகோ தரையில் தண்ணீர் தேங்குகிறதா? உடைக்காமல் சரிசெய்யும் முறை

மழை விட்டு மறுநாளும் காருக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது, சக்கரம் நிற்கும் இடம் குழிந்து சிமெண்ட் பெயர்ந்து வருகிறது என்றால், தரை முழுவதையும் உடைக்க வேண்டியதில்லை. பழைய கான்கிரீட் உறுதியாக இருந்தால் அதன் மேலேயே 1½ அங்குலத்துக்குப் புதிதாகப் போடலாம். இப்படிப் போட்ட தரை பின்னால் பெயர்ந்து வந்தால், பெரும்பாலும் கலவையில் குறை இருக்காது, அடியில் பிடிப்பு இருந்திருக்காது. அதனால் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் இங்கே நீட்டி எழுதியிருக்கிறேன்.

யூடியூபில் செல்ஃப் லெவலிங் கலவையை வாளியிலிருந்து ஊற்றுவதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது தண்ணீர் போலத் தானாகப் பரவி ஒரே மட்டமாக நிற்கும். சாரல் அடிக்கும் போர்டிகோவுக்கு வேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு. தவிர, அவற்றில் பல டைல்ஸுக்கு அடியில் போடுவதற்கானவை, டயர் உராய்வதற்கானவை அல்ல.

தட்டிப் பாருங்கள்

ஒரு கம்பியால் தரையை அடிக்கு அடி தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. ‘பொத்’ என்று கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். மேல்பூச்சு மட்டும் விட்டிருந்தால் கொத்தி எடுத்தால் போதும். விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் கதை வேறு: அடியில் மண் இறங்கியிருக்கலாம், அல்லது பெருச்சாளி வளை தோண்டியிருக்கலாம். அங்கே உடைத்து, கிராவல் போட்டுக் கெட்டித்து, கான்கிரீட்டால் நிரப்பிய பிறகுதான் மேலே கை வைக்க வேண்டும். இறங்குகிற தரை மேல் எதைப் போட்டாலும் அதுவும் சேர்ந்து இறங்கும்.

உயரம் பார்ப்பது

புதிய தரை 1½ அங்குலம் ஏறும். கேட் தட்டாமல் திறக்குமா, வாசல்படி போதுமான உயரத்தில் இருக்கிறதா, சம்ப் மூடியின் சட்டத்தை உயர்த்த வேண்டுமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். சம்ப் மூடியைக் கடைசி நேரத்தில் நினைவுக்குக் கொண்டுவருபவர்கள்தான் அதிகம்!

மட்டம் எடுக்க டியூப் லெவல் போதும். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூபில் காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது, இருந்தால் மட்டம் பொய் சொல்லும். சுவரிலும் தூணிலும் 3 அடி உயரத்தில் ஒரே மட்டத்துக்குக் குறியிட்டு, நூல் கட்டி, 2 அடிக்கு ஒரு இடத்தில் நூலிலிருந்து தரை வரை அளந்து, அளவைத் தரையிலேயே எழுதுங்கள். எங்கே பள்ளம், எங்கே மேடு என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். கேட் பக்கம் 10 அடிக்கு 1½ அங்குலம் வாட்டம் வரும்படி புதிய உயரத்தை முடிவு செய்யுங்கள். மேட்டிலும் கனம் 1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைகிற இடத்தில் மேட்டைத்தான் கொத்த வேண்டும்.

கொத்துவதும் கழுவுவதும்

வாடகைக்குக் கிடைக்கும் பிரேக்கர் மெஷினால் தரை முழுவதும் ஜல்லி தெரிகிற அளவுக்குக் கொத்துங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். ஆயில் கறைக்கு ஆசிட் ஊற்றிப் பயனில்லை, அதையும் கொத்தித்தான் எடுக்க வேண்டும். தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்: உறிஞ்சினால் சரி, முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. கேட் ஓரத்தில் 1 அங்குல ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) வெட்டிக்கொள்ளுங்கள். அங்கே கான்கிரீட்டைச் சீவி மெலிதாக முடித்தால் கார் ஏறி இறங்கி உடைந்துவிடும்.

தூசியைக் கூட்டி, கழுவி, முந்தின இரவு முழுவதும் தரையை ஈரமாக வையுங்கள். காலையில் ஈரம் இருக்கலாம், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது.

கலவையும் போடுவதும்

சிமெண்ட் 1, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) 1½, கால் அங்குல சிப்ஸ் ஜல்லி 3 பங்கு. பி-சாண்ட் பூச்சுக்கானது, இதற்கு வேண்டாம். 10-க்கு 16 அடி தரைக்குச் சராசரி 1½ அங்குலம் என்றால் 4½ மூட்டை சிமெண்ட் பிடிக்கும், 5 வாங்குங்கள். ஒரு மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டரைத் தாண்ட வேண்டாம், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். கையுறை போடாமல் கலக்காதீர்கள், சிமெண்ட் தோலைப் புண்ணாக்கிவிடும்.

அடுத்து சிமெண்ட் பால். சிமெண்டில் எஸ்பிஆர் லேடெக்ஸை (பிடிப்புக்குச் சேர்க்கும் பால் போன்ற திரவம்) டப்பாவில் உள்ள அளவுப்படி சேர்த்து, தோசை மாவுப் பதத்தில் கரைத்து, பிரஷால் தரையில் தேய்த்து ஏற்றுங்கள். கான்கிரீட் கொட்டப்போகும் இடத்துக்கு மட்டும் அவ்வப்போது பூசுங்கள். பால் காய்ந்த பிறகு மேலே போட்டால், ஒட்டுவதற்குப் பதில் அதுவே பிரித்துவிடும்.

முதலில் கான்கிரீட்டாலேயே அங்கங்கே உயரப் புள்ளி வைத்து, இடையில் நிரப்பி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் (கொத்தனார் பரப்பைத் தேய்க்கும் கட்டை) தேயுங்கள். மேலே தண்ணீர் கசிந்து நிற்கும்போது உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பது பலரின் வழக்கம். வழுவழுப்பு வரும், பிறகு தோல் போல உரிந்தும் வரும். எனக்கு உடன்பாடில்லை. ஈரம் அடங்கியதும் தென்னை விளக்குமாற்றால் குறுக்காக ஒரு இழுப்பு இழுத்தால் மழையில் டயரும் காலும் வழுக்காது.

மறுநாள் கட்டிங் மெஷினால் சுமார் 5 அடிக்கு ஒரு கோடு, அரை அங்குல ஆழத்துக்கு. பழைய தரையில் இணைப்பு இருந்தால் அதன் நேர் மேலேயே, புதிய பரப்பின் முழுக் கனத்துக்கும் வெட்டுங்கள்.

தண்ணீர் விடுவது

வாட்டமான தரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் மேல்பக்கம் காய்ந்து கிடக்கும். சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருங்கள், குறைந்தது 10 நாள். கத்திரி வெயிலில் இந்த வேலையையே தள்ளிப்போடலாம். பைக்கை 10 நாளுக்குப் பிறகு ஏற்றலாம், கார் 28 நாள் தெருவில் நிற்கட்டும்.

கார் ஏற்றும் முன் மறுபடி ஒருமுறை கம்பியால் தட்டிப் பாருங்கள். ஒரு கட்டத்தில் மட்டும் ‘பொத்’ என்று கேட்டால், வெட்டிய கோட்டுக்குள் அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துப் போட்டால் போதும்.