பவளம் ஏன் வளரவில்லை? ஆல்கலினிட்டி காட்டும் கணக்கு

கடல்நீர் மீன்தொட்டியில் வைத்து ஆறு மாதமாகியும் பவளம் வைத்தபடியே இருந்தால், பலரும் முதலில் விளக்கைத்தான் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் வீண் செலவு. பவளம் தன் எலும்புக்கூட்டை நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துக் கட்டுகிறது. எனவே ஆல்கலினிட்டி (பெரும்பாலும் இந்த பைகார்பனேட்டால் வரும், அமிலத்தை ஈடுகட்டும் திறன்) ஒரு நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வளர்ச்சி கணக்கில் தெரிந்துவிடும்.

அதற்கு முன், வைத்திருப்பது எந்த இனம் என்று பாருங்கள். கிளைவிடும் அக்ரோபோராக்களில் சில கடலில் ஆண்டுக்கு 10 செ.மீ. தாண்டி வளரும். பாறை போலத் திரளும் போரைட்டீஸ் ஏறக்குறைய 1 செ.மீ.தான். புதிதாக ஒட்டிய துண்டு எதுவானாலும் முதல் இரண்டு மூன்று மாதம் அடியில் படர்ந்து பிடித்துக்கொள்ளும். மேலே எழும்ப அதன் பிறகுதான் தொடங்கும். (இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். பண்ணையில் வளர்த்த துண்டுகள் முறைப்படி விற்கப்படும் நாடுகளில் தொட்டி வைத்திருப்போருக்கே இந்தக் குறிப்பு.)

மூன்று நாள் சோதனை

முதலில் உப்பளவைச் சரிபாருங்கள். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்க வேண்டும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ நீரில் பூஜ்யமாக்கினால் போதாது. 35 பிபிடி திரவத்தில் அளவு திருத்துங்கள். உப்பு 31-இல் இருந்தால் கால்சியம், மக்னீசியம் எல்லாமே சேர்ந்து குறைவாகக் காட்டும், நீங்கள் ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு ஆல்கலினிட்டியை 8.5 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவந்து, அதை ஏற்ற ஊற்றும் மருந்தை நிறுத்துங்கள். மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மீண்டும் அளந்து, வித்தியாசத்தை மூன்றால் வகுங்கள். ஒரே நாளில் அளந்தால் சோதனைக் கிட்டின் பிழையே வித்தியாசத்தை விழுங்கிவிடும். இடையில் 7-க்குக் கீழே போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

8.6 இருந்தது 7.4 ஆனது என்று வைத்துக்கொள்வோம்: நாளுக்கு 0.4. நூறு லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா வேண்டும். பாறையும் மணலும் போக உங்கள் தொட்டியில் 200 லிட்டர் நீர் இருந்தால் தினமும் 2.4 கிராம். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதீர்கள், அது வேறு பொருள். கூடவே கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 2.1 கிராம். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து வெவ்வேறு நேரத்தில் ஊற்ற வேண்டும். சேர்ந்தால் சுண்ணாம்பாக வெளுத்து வீழ்படிவாகிவிடும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆல்கலினிட்டி 2.8 டிகேஎச் செலவாகும்போது கால்சியம் 20 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 20 பங்கு) குறைகிறது. மேலே சொன்ன மூன்று நாளில் குறைவது 9 பிபிஎம்கூட இல்லை, கிட்டில் அது தெரியாது. ‘கால்சியம் 420-லேயே நிற்கிறது, பவளம் எடுக்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கணக்கு என்ன சொல்கிறது

ஆல்கலினிட்டி இறங்குகிறது, ஆனால் பவளம் வளரவில்லை: ஹீட்டரையும் பம்பையும் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் பவளத்துக்குப் போக வேண்டியது அங்கே போகிறது. மக்னீசியம் 1200-க்குக் கீழே இருக்கலாம், 1300-க்கு ஏற்றுங்கள். பாறையில் ஊதாநிறக் கோரலைன் பாசி படர்ந்தாலும் அதுவும் இதே கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் எடுக்கும்.

இறங்கவே இல்லை: பவளம் கட்டுவதை நிறுத்தியிருக்கிறது. மேலும் மேலும் சோடா ஊற்றுவது இதற்கு மருந்தில்லை. முதலில் பிஹெச் பாருங்கள். எலும்பு கட்டும்போது வெளிவரும் அமிலத்தைப் பவளம் உடலிலிருந்து நீருக்குள் தள்ள வேண்டும், நீரே 7.8-இல் இருந்தால் அந்த வேலை பாரமாகிறது. ஏசி போட்டுக் கதவடைத்த அறையில் ஆட்கள் மூச்சுவிடும் கரியமில வாயுவே இதற்குப் போதும். உறுதிப்படுத்த, ஒரு குவளைத் தொட்டிநீரை ஜன்னலுக்கு வெளியே வைத்து ஒரு மணி நேரம் குமிழி விடும் காற்றுக்கல் போடுங்கள். பிஹெச் 8.2 பக்கம் ஏறினால் குற்றவாளி அறைக்காற்றுதான். ஸ்கிம்மரின் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவியின்) காற்றுக்குழாயை ஜன்னல் வழியே வெளியே நீட்டிவிடுங்கள். காசில்லாத வைத்தியம் இதுதான்.

அதிலும் பிஹெச் ஏறாவிட்டால் சுண்ணாம்பு நீர். 1 லிட்டர் ஆர்ஓ நீரில் 1.5 கிராம் தூய கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்து மூடி, தெளிய விட்டு, தெளிவை மட்டும் இரவில் ஆவியான நீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதன் பிஹெச் 12-ஐத் தாண்டும், கையுறை அவசியம். இதுவே ஆல்கலினிட்டியையும் கால்சியத்தையும் சேர்த்துத் தருவதால் பழைய மருந்தளவைக் குறையுங்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேண்டாம், அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது.

பிஹெச் சரி என்றால் அடுத்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பாருங்கள். அதிகமானால்தான் கெடுதல் என்று எண்ணி இரண்டையும் பூஜ்யமாக்கியவர்களின் தொட்டியில்தான் பவளம் வெளிறி நிற்கும், டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரின் சளியும் படரும். நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கட்டும். பாஸ்பேட் இதைவிட மிகவும் ஏறினால் சுண்ணாம்பு படிவதையே அது தடுக்கும். இவை இரண்டும் இல்லாத பட்டினித் தொட்டியில் ஆல்கலினிட்டியை 10-க்கு ஏற்றினால் அக்ரோபோராவின் நுனி கருகும். அங்கே 7 முதல் 8 வரை போதும். எங்கேயும் ஒரே நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

விளக்கு இதற்கெல்லாம் பிறகுதான். பார் மீட்டர் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் கருவி) ஒன்றை இரவல் வாங்கி, பவளம் இருக்கும் இடத்திலேயே அளந்து பாருங்கள்: அக்ரோபோராவுக்கு 200 முதல் 350, யூஃபில்லியா போன்ற சதைப்பற்றுள்ள பவளங்களுக்கு 50 முதல் 150. குறைவாக இருந்தால் வாரத்துக்கு ஐந்து சதவீதமாக ஏற்றுங்கள். நீரோட்டத்தில் பாலிப்புகள் (பவளத்தின் சிறு உயிர்கள்) எல்லாப் பக்கமும் அசைய வேண்டும். ஒரே பக்கம் மடிந்து கிடந்தால் பம்பைத் திருப்புங்கள். இடத்தை மட்டும் அடிக்கடி மாற்றாதீர்கள்.

எல்லா அளவும் சரியாக இருந்தும் ஒரே ஒரு பவளம் மட்டும் நின்றுவிட்டால், விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பாருங்கள். அக்ரோபோராவில் சிறு வட்ட வட்டமான கடித்த தடம் தெரிந்தால் தட்டைப்புழு. பக்கத்தில் உள்ள கலாக்ஸியா என்ற பவளம் நீட்டிய கொட்டும் இழையாகவும் இருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று வாரம் விட்டு, மூன்று நாள் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 0.4 என்பது 0.6 ஆகியிருந்தால் பவளம் கட்டத் தொடங்கிவிட்டது, 2.4 கிராம் சோடா இனிப் பற்றாது, 3.6 கிராம் வேண்டும்.