மெயில் பார்க்க ஆள் வைத்தால் நிம்மதி என்று நினைத்தேன்

கரூரில் மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு ஏற்றுமதி செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. தினமும் நூற்றைம்பது மெயிலாவது வரும், பாதிக்கு மேல் குப்பை. தாங்க முடியாமல், திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே இந்த வேலை பார்க்கும் ஒரு பெண்ணை விர்ச்சுவல் அசிஸ்டென்டாக அமர்த்தினேன். கெட்டிக்காரர். முதல் இரண்டு மாதம் நடந்த குளறுபடி அத்தனைக்கும் நான்தான் காரணம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். அன்று ராத்திரி அவர் உள்ளே போக முயன்றபோது, யாரோ புது இடத்திலிருந்து நுழைகிறார்கள் என்று கூகுள் தடுத்து என் போனுக்குக் கேள்வி அனுப்ப, நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அது சின்னத் தொல்லை. வீட்டுச் சாவிக்கொத்து மாட்டியிருக்கிற ஆணி மாதிரிதான் மெயில் பெட்டி என்பது எனக்கு உறைக்கவே கொஞ்ச நாள் ஆனது. 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்று எந்தத் தளத்தில் அழுத்தினாலும் புதிதாகத் திறக்கும் லிங்க் அங்கேதானே வந்து விழுகிறது!

பாஸ்வேர்ட் கொடுக்காமலே ஜிமெயிலில் ஒருவரை உள்ளே விடலாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில், கணக்கைப் பார்க்க இன்னொருவருக்கு அனுமதி தரும் இடம் இருக்கிறது. இதைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்துவிடுங்கள். அவருக்குப் போகும் அழைப்பு ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும், ஒப்புக்கொள்ளச் சொல்லி நினைவுபடுத்துங்கள். அதன்பின் அவர் படிக்கலாம், அனுப்பலாம், அழிக்கலாம், ஆனால் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. சாதாரணக் கணக்கில் 10 பேர் வரை இப்படிச் சேர்க்கலாம். கம்பெனி பெயரில் வொர்க்ஸ்பேஸ் (கம்பெனிகளுக்கான கூகுள் சேவை) கணக்கு என்றால் அதன் நிர்வாகி முதலில் இந்த வசதியைத் திறந்துவிட வேண்டும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: ஓடிபி மெயிலும் அந்த லிங்க்குகளும் அவர் கண்ணில் படத்தான் செய்யும். அதனால் பேங்க், ஜிஎஸ்டி, டொமைன் பதிவு எல்லாவற்றையும் வேறொரு மெயில் முகவரிக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஆளை உள்ளே விடுங்கள்.

சரி, கதவு திறந்தாகிவிட்டது. அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. 'சின்னச் சின்ன மெயிலுக்கு நீங்களே பதில் போட்டுவிடுங்கள்மா' என்றேன். எது சின்னது என்று சொல்லவில்லை. ஜெர்மனி பையர் ஒருவர், ஷிப்மென்டைப் பத்து நாள் முன்னதாகவே அனுப்ப முடியுமா என்று ரொம்பப் பணிவாக, நடுவில் ஒரே ஒரு வரியில் கேட்டிருந்தார். என் அசிஸ்டென்ட் மரியாதையாக 'நோட்டட், தேங்க் யூ' என்று பதில் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அதற்கு 'மெயில் கிடைத்தது' என்று அர்த்தம். எங்கள் தொழிலில் 'ஒப்புக்கொண்டோம்' என்று அர்த்தம். அப்போது துணி சாயப்பட்டறையிலிருந்தே திரும்பவில்லை. கடைசியில் கடல் வழி போக வேண்டிய சரக்கில் ஒரு பகுதியை என் செலவில் விமானத்தில் ஏற்றினேன், அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. அவரைத் திட்டலாம் என்று போனை எடுத்துவிட்டு, என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். நான் சொல்லிக்கொடுக்காததை அவர் எப்படி அறிவார்?

அதற்குப் பிறகு இரண்டு பேரும் வீடியோ காலில் உட்கார்ந்து, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் நான் அனுப்பிய மெயில்களைப் புரட்டினோம். ஒவ்வொன்றிலும் ஏன் அப்படி எழுதினேன் என்று அவர் கேட்கக் கேட்க, எனக்கே தெரியாத பல வழக்கங்கள் வெளியே வந்தன. இந்தப் பையர் விலை கேட்டால் அன்றைக்கே சொல்ல மாட்டேன், அந்த ஏஜென்ட்டுக்கு மட்டும் உடனே சொல்லிவிடுவேன், இப்படி. தேதி, விலை, அளவு, பேமென்ட் என்று இந்த நாலில் எதைத் தொட்டாலும் டிராஃப்ட் மட்டும் போட்டு வைக்க வேண்டும், அனுப்புவது நான் என்று அன்று முடிவானது. அவர் போடும் டிராஃப்ட் என் பெட்டியிலேயே தெரியும் என்பதால் இது பெரிய வேலையில்லை. இந்தப் புரட்டலை முதல் நாளே செய்திருக்க வேண்டும். முதல் வாரம் மெயில்களுக்கு லேபிள் போட்டு வகை பிரிப்பது மட்டும், அடுத்த வாரங்களில் டிராஃப்ட், அப்புறம்தான் அனுப்பும் உரிமை என்று போயிருந்தால் அந்த விமானக் கூலி மிச்சம்.

இன்னொரு கெட்ட பழக்கம், ஆள் வைத்த பிறகும் போனில் நோண்டிக்கொண்டே இருப்பது. பெட்டி ஒன்றுதான், அதனால் நீங்கள் திறந்த மெயில் அவருக்கும் 'படித்தது' என்றுதான் தெரியும். முதலாளி பார்த்துவிட்டார் என்று அவர் விட்டுவிடுவார், அவர் பார்த்துக்கொள்வார் என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள். கை துறுதுறுத்துத் திறந்துவிட்டால், மறுபடி 'படிக்காதது' என்று மாற்றிவிட்டாவது போங்கள்.

குப்பையைக் கழிக்கச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். 'நோ-ரிப்ளை' முகவரியிலிருந்து வருவதெல்லாம் விளம்பரம் என்று சொல்லிவைத்தால், நீங்கள் வேறு முகவரிக்கு இன்னும் மாற்றாத ஜிஎஸ்டி அறிவிப்பும் அதோடு சேர்ந்து போகும். தாக்கல் செய்த ஜிஎஸ்டி கணக்கில் முரண்பாடு இருக்கிறது என்று விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் ஒன்று வந்தால் பதில் சொல்லப் பொதுவாக 30 நாளுக்கு மேல் தருவதில்லை. ஜிமெயிலில் ஸ்பாமும் குப்பைத்தொட்டியும் 30 நாளில் தானாக அழியும், ஆக நோட்டீஸும் கெடுவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே காணாமல் போகலாம். அழிக்கவே வேண்டாம், ஆர்க்கைவ் செய்யட்டும், அதாவது அழிக்காமல் கண்ணிலிருந்து ஒதுக்கி வைக்கட்டும். ஸ்பாமைத் தினமும் ஒரு தடவை பார்க்கட்டும்.

பேங்க் கணக்கு மாறிவிட்டது என்று நூல் சப்ளையர் பெயரில் வரும் மெயில் தனி ரகம். முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும், பழைய இன்வாய்ஸ் கூட இணைத்திருப்பார்கள். இதில் அசிஸ்டென்ட் எதுவும் செய்யக் கூடாது, உங்களிடம் சொல்வதைத் தவிர. நீங்களும் அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், உங்களிடம் முன்பே இருக்கிற எண்ணில் பேசி உறுதி செய்யுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள்.

சம்பளம், குடும்ப விஷயம், வக்கீல் கடிதம் எல்லாம் அவர் படிக்கும் பெட்டியில் வர வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம், ஆனால் நான் அதையும் மறந்தேன்.

அவர் போன மாதம் அரசு வேலை கிடைத்துக் கிளம்பினார். அனுமதியை நீக்கினேன், முதலில் கொடுத்த பாஸ்வேர்டை நான் அதுவரை மாற்றவே இல்லை என்பதும் அன்றுதான் நினைவுக்கு வந்தது. மாற்றினேன், எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றினேன், மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டிங்கும், தானாக வகை பிரிக்கும் ஃபில்டரும் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். அவர் போட்ட ஃபில்டர்கள் பதினாலு இருந்தன. ஒன்றைக்கூட நீக்கவில்லை, அவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன.