ஃபிரேஸா, கிளாஸா? நீளத்தைப் பார்க்காதீர்கள், வினையைப் பாருங்கள்

மும்பையில் இங்கிலீஷ் மீடியம் படிக்கும் நம் பிள்ளைகள் இங்கிலீஷ் இலக்கணத்தில் ஒரு தொடர் ஃபிரேஸா (phrase), கிளாஸா (clause) என்ற கேள்வியில் கோட்டை விடுவதற்கு ஒரு காரணம், சொற்களை எண்ணித் தீர்மானிப்பது. எழுவாயும் அதற்கான வினைமுற்றும் (காலம் காட்டும் வினை) இருந்தால் கிளாஸ், இந்த ஜோடி இல்லாத சொற்கூட்டம் ஃபிரேஸ். ‘இன் த லாஸ்ட் கோச் ஆஃப் த ஃபர்ஸ்ட் லோக்கல் ஃப்ரம் தாதர்’ எவ்வளவு நீண்டாலும் ஃபிரேஸ்தான். ‘இட் ரெயின்ட்’ இரண்டே சொல், ஆனால் கிளாஸ்.

முதலில் வினையை அடிக்கோடிடச் சொல்லுங்கள். அடுத்து, அதே செய்தியை நேற்று நடந்ததாக மாற்றச் சொல்லுங்கள். ‘ஷீ வெயிட்ஸ்’ என்பது ‘ஷீ வெயிட்டட்’ ஆகிறது, ஆகவே வினைமுற்று. அதற்கு எழுவாயும் இருப்பதால் கிளாஸ். ‘வெயிட்டிங் ஃபார் த பஸ்’, ‘டு கேட்ச் த பஸ்’ இரண்டும் எந்தக் காலத்துக்கும் அசையாது. பள்ளிக் கணக்கில் ஃபிரேஸ். மேல்படிப்பு இலக்கணங்களில் சில இவற்றையும் கிளாஸ் என்றே கொள்ளும். பரீட்சையில் அந்த வம்பு வேண்டாம்.

பெரிய பொறி தமிழில்தான் இருக்கிறது. ‘த பாய் ஹூ ஸ்டாண்ட்ஸ் தேர்’ என்பதை மனசுக்குள் ‘அங்கே நிற்கும் பையன்’ என்று மாற்றிக்கொள்கிறார்கள். ‘நிற்கும்’ பெயரெச்சம், முற்று இல்லையே என்று ஃபிரேஸ் எழுதிவிடுகிறார்கள். இங்கிலீஷிலோ ‘ஸ்டாண்ட்ஸ்’ முற்று, ‘ஹூ’ அதன் எழுவாய். இந்த இடத்தில் மும்பைப் பிள்ளைகளுக்கு இந்தி கைகொடுக்கும்: ‘ஜோ லட்கா வஹான் கடா ஹை’. ‘ஹை’ என்ற முற்று கண்ணெதிரே நிற்கிறது. ஹூ, விச், வென் வந்தால் ஜோ, ஜப் போட்டுப் பார்க்கட்டும்.

முதல் சொல்லை மட்டும் நம்ப முடியாது. ‘ஆஃப்டர் த ரெயின்’ ஃபிரேஸ். ‘ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட்’ கிளாஸ். பிஃபோர், சின்ஸ், அன்டில் மூன்றும் இப்படித்தான் இரண்டு பக்கமும் ஆடும். ஆனால் ‘பிகாஸ் ஆஃப்’, ‘டிஸ்பைட்’, ‘ட்யூரிங்’ பின்னால் ‘இட் ரெயின்ட்’ போல எழுவாயும் முற்றும் நேராக வராது. ‘டிஸ்பைட் இட் ரெயின்ட்’ தப்பு. ‘டிஸ்பைட் த ரெயின்’ அல்லது ‘ஆல்தோ இட் ரெயின்ட்’.

ஒளிந்திருப்பவை இரண்டு. ‘சிட் டவுன்’ கிளாஸ். எழுவாயான ‘யூ’ சொல்லாமல் நிற்கிறது. ‘த டிரெயின் ஐ மிஸ்ட் வாஸ் எம்ப்ட்டி’ என்பதில் ‘தட்’ விழுந்துவிட்டது, அதனால் ‘ஐ மிஸ்ட்’ கண்ணில் படாது. முற்றுகளை எண்ணினால் அகப்படும்: மிஸ்ட், வாஸ். ஆக இரண்டு கிளாஸ்.