மார்கழியில் கிணற்றுத் தண்ணி ஏன் சுடுகிறது? வீட்டில் செய்து பார்க்கச் சில சோதனைகள்

திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலை எழும்பி, கிணற்றடியில் முதல் வாளியைத் தலையில் ஊற்றியவர்களுக்குத் தெரியும்: தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும். அதே கிணறு சித்திரை மத்தியானத்தில் குளுகுளுவென்று இருக்கும். கிணறு ஒன்றும் பருவம் பார்த்துத் தண்ணீர் காய்ச்சுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கிற நீரின் வெப்பம் வருடம் முழுக்கப் பெரிதாக மாறாது. மாறுவது நம் தோல். மார்கழி விடியலில் காற்று 22, 23 பாகைக்கு இறங்கித் தோலைக் குளிர வைத்துவிடும். சித்திரையில் 33 பாகை வெயில் அதைச் சுட வைத்துவிடும். இவ்வளவு நேரமும் பட்டுக்கொண்டிருந்ததைவிடக் கூடவா, குறையவா என்பதுதான் தோலுக்கு முக்கியம்.

இதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள்.

மூன்று சட்டிச் சோதனை

தேவையானவை: கை முழுதாக அமிழக்கூடிய மூன்று சட்டிகள், கொஞ்சம் ஐஸ், சுடுதண்ணி.

1. இடது பக்கச் சட்டியில் ஐஸ் போட்ட தண்ணீர். வலது பக்கத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர், 40 பாகைக்கு மேல் வேண்டாம். வெப்பமானி இல்லையென்றால், குழந்தையைக் குளிப்பாட்டும்போது பார்ப்பதுபோல முழங்கையை வைத்துப் பாருங்கள்.
2. நடுவில் கிணற்றுத் தண்ணீர். மத்தியானத்தில் மேல் தாங்கித் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். முதல் தடவை நான் அதைத்தான் பிடித்தேன். வெயிலில் கிடந்த தாங்கியிலிருந்து வந்தது வலது சட்டியைவிடச் சூடாக இருந்து சோதனையே கெட்டுப்போனது.
3. சட்டிக்கொரு கையாக இடது, வலது சட்டிகளில் ஒரே நேரத்தில் வைத்து, ஒரு நிமிடம் பொறுங்கள். ஐஸ் கை தாங்காவிட்டால் அதற்கு முன்பே எடுத்துவிடலாம்.
4. இரண்டு கைகளையும் சேர்த்து நடுச்சட்டியில் விடுங்கள்.

ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சுடும், மற்றக் கைக்குக் குளிரும். அக்காவின் மகள் கையை எடுத்துவிட்டு, "சித்தி, சட்டிக்குள்ள ஏதோ செய்து வச்சிருக்கிறியள்" என்று அடியில் தடவிப் பார்த்தாள். ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் 1690இலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

காரணம் இதுதான். தோலில் சூட்டை உணரும் நரம்பு நுனிகள் வேறு, குளிரை உணர்பவை வேறு. மாற்றம் வந்தவுடன் படபடவென்று சமிக்ஞை அனுப்பும். அதே நிலை தொடர்ந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் புலன் இசைவாக்கம்.

எல்லை ஒன்று உண்டு. ஏறத்தாழ 43 பாகையைத் தாண்டினால் வேறொரு உணர்வி விழித்துக்கொள்ளும், அது சொல்வது வலி. வலி அவ்வளவு சுலபமாகப் பழகாது. மிளகாயின் காரம் தொட்டு எழுப்புவதும் இதே உணர்வியைத்தான். ஒடியல் கூழ் ஆறின பிறகும் வாய் எரிகிறதே, அது இதனால்தான். இந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தொடுகை உணர்வியைக் கண்டுபிடித்த ஆர்டெம் படபூட்டியன் மற்றப் பங்காளர்.

சீனிப் பைச் சோதனை

ஒரே மாதிரியான இரண்டு பைகளில் 100 கிராம் அரிசி, வேறு இரண்டில் 2 கிலோ அரிசி. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் தூக்க வேண்டும், மற்றவர் ஒவ்வொரு சோடியிலும் ஒரு பைக்குள் மட்டும் இரண்டு மேசைக்கரண்டி சீனியைப் போட வேண்டும். கிட்டத்தட்ட 25 கிராம். சின்னப் பையில் உடனே பிடிபடும். பெரிய பையில், ஊகித்தால்தான் உண்டு. ஜேர்மனியில் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஏர்ன்ஸ்ட் வெபர் 1834இல் சொன்னது இதையே: எத்தனை கிராம் கூடியது என்பதைவிட, இருந்ததில் எத்தனை பங்கு கூடியது என்பதுதான் உணரப்படுகிறது. சந்தையில் கையால் தூக்கி நிறை சொல்பவர்களிடம் இதைக் காட்டிச் சண்டை பிடிக்க வேண்டாம். அவர்கள் கைப்பழக்கம் வேறு.

மூக்கு

இது சுருக்கம். கருவாட்டுப் போத்தலைத் திறந்து இரண்டு நிமிடம் மணந்துகொண்டே இருங்கள். மணம் மங்கிவிடும். உடனே கோப்பித்தூளை மணந்தால் அது முழுதாக மணக்கும், ஏனென்றால் களைத்தது கருவாட்டுக்கு மட்டும். ஒரு எச்சரிக்கை: காஸ் கசிவைக் காட்டிக்கொடுக்கச் சேர்க்கும் நாற்றத்துக்கும் மூக்கு இப்படியே பழகிவிடும். "முதல் மணந்தது, இப்ப இல்லை" என்றால் கசிவு நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. நெருப்பு மூட்டாமல், சுவிட்சைத் தொடாமல் வெளியே போங்கள்.

கண்

எனக்குப் பிடித்தது இது. 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத வருடங்களில் எங்கள் அம்மம்மா ஜாம் போத்தல் விளக்கை உள்ளே வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு வெறுங்கையோடு போய் வருவார். பழக்கம் பாதி, மற்றப் பாதி கண்ணின் வேலை.

இரவில், லைட் வெளிச்சத்தில் இருந்துகொண்டே ஒரு கண்ணை மட்டும் தடித்த துணியால் இருபது நிமிடம் கட்டி மூடுங்கள். பிறகு லைட்டை அணைத்து, துணியை அவிழ்த்து, ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். மூடியிருந்த கண்ணுக்குக் கதிரையும் மேசையும் தெரியும். மற்றக் கண்ணுக்கு ஒரே இருட்டு. நிறம் காணும் கூம்புக் கலங்கள் பத்து நிமிடத்தில் தங்களால் இயன்றவரை பழகி முடித்துவிடும். மங்கல் ஒளிக்கான கோல் கலங்களுக்கு அரை மணிக்கு மேலும் எடுக்கும், வெளிச்சத்தில் சிதைந்த நிறப்பொருள் அவற்றுள் மெல்ல மெல்லத்தான் திரும்பச் சேரும்.

இது சரிவந்தால், கார்த்திகை மாத இரவொன்றில் மழை விட்டிருக்கும்போது, காரைநகர் கசூரினா கடற்கரை போல விளக்கு குறைந்த இடத்துக்குப் போங்கள். அரை மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டுக் வானத்தில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைத் தேடுங்கள். நேரே பார்க்காமல் சற்றுப் பக்கத்தில் பார்த்தால் கூடுதலான விண்மீன்கள் தெரியும், ஏனென்றால் பார்வையின் நடுமையத்தில் கோல் கலங்கள் இல்லை. கூட வந்தவர்களின் போன்களை முன்கூட்டியே வாங்கிப் பைக்குள் வையுங்கள். ஒருவர் வட்ஸ்அப்பைத் திறந்தால் போதும், எல்லாருக்கும் மறுபடி அரை மணி.